ஞாயிற்றுக்கிழமை விசில்

சேசு மரி சூசை

தாழ்வுபாடு, மன்னார்.
2012 ஐப்பசி 20, சனிக்கிழமை.

அன்புள்ள மகள் ஜெனிஸ்ராவுக்கு அப்பா பஸ்ரியன் எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே நான் நலம், அதாவது இருமலும் வலது முழங்காலும் நீங்கலாக நலம். அங்கே மண்டபம் முகாமில் நீயும் பிள்ளையும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். பிள்ளையின் தகப்பனும் நலமாயிருக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. வாற மாதம் நீங்கள் மூன்று பேரும் ஊருக்குத் திரும்புகிறீர்கள் என்றும், அடம்பனில் சுபாஸின் தகப்பனுடைய வளவு பத்தையாய்க் கிடக்கிறது என்றும், வீடு எழும்பும்வரை நாலு மாதம் என்னோடு இருக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். போனில் கேட்டிருந்தால் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். எழுதினது நல்ல காரியம். பதில் கடைசியில் வரும். அதற்கு முதல், கோயில் சட்டம் என்று வந்தால் உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று நீ மறந்திருந்தால், இந்த இரண்டு மாதமாக நான் பட்ட பாட்டைக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் ஒரு வள்ளமும் கடலுக்கு இறங்காது என்பது உனக்குத் தெரியும். சனி பொழுதுபட்டால் வலை கரையில், ஆட்கள் வீட்டில், இது என் தகப்பன் காலத்துச் சட்டம். இப்போது சண்டை முடிந்து, கடலுக்குப் போக நேவிப் பாஸும் இல்லை, போறவன் போகலாம், வாறவன் வரலாம் என்றானதும், சின்னதில் உன்னோடு கோயிலில் முதல்நன்மை எடுத்த லோறன்ஸ் இருக்கிறானே, அவன் ஒரு ஞாயிறு காலை வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். நான் மீனவர் சங்கக் கூட்டத்தில் எழும்பி, இதைத் தடுக்க ஒரு காவல் வேணும் என்று முக்கால் மணித்தியாலம் பேசினேன். எல்லாருக்கும் பசி. ஆகவே நானே காவல் என்று தீர்மானம் நிறைவேறியது. ஒரு விசில் தந்தார்கள். இருக்கக் கதிரையும், வெயிலுக்குக் குடையும் வீட்டிலிருந்து கொண்டுபோனேன்.

முதல் ஞாயிறு லோறன்ஸ் வள்ளத்தில் கை வைத்ததுதான் தாமதம், மூச்சுப் பிடித்து ஊதினேன். அவன் திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போய்விட்டான். காவலரணில் நின்ற நேவிப் பெடியன்தான் ஓடிவந்து "மொகத மாத்தயா?" என்றான். என்ன ஐயா என்று கேட்கிறான், சரி. ஞாயிறு வேலை செய்யாதே என்கிற மூன்றாம் கற்பனையைச் சிங்களத்தில் எப்படிச் சொல்லுறது? நான் கடலைக் காட்டி, வானத்தைக் காட்டி, நெஞ்சில சிலுவை போட்டன். அவன் ஆரோ தாண்டுபோனாங்கள் எண்டு நினைச்சு, சப்பாத்தோட கடலுக்குள்ள பாய்ஞ்சிட்டான். கழுத்தளவு தண்ணியில நிண்டு அவன் தேட, நான் கரையில நிண்டு வா வா எண்டு கத்த, அதைத் தேடு தேடு எண்டு விளங்கிக்கொண்டு இன்னும் ஆழத்துக்குப் போறான் பாவி. அண்டையில இருந்து அவன் என்னைக் கண்டா முகத்தைத் திருப்பிறான்.

அடுத்த கிழமை மீன் எடுக்க வந்த மீராசாஹிபு, தாராபுரத்து ஆள், மோட்டசைக்கிளை நிப்பாட்டிப்போட்டு என்னைக் கனநேரம் பாத்தார். "வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நானும் தவறாமப் போறனான் பஸ்ரியன். ஆனா கரையில நிண்டு விசில் ஊதிறேல்ல" எண்டார். பிறகு பாவம் பாத்து ஒரு பிளேன்ரீ வாங்கித் தந்தார். அந்தக் கிழமை முழுக்க என்னோட கதைச்ச ஒரே ஆள் அவர்தான்.

லோறன்ஸை ஒருக்கா மறிச்சுக் கேட்டன், வீட்டில கஸ்ரமோ, சாப்பாட்டுக்கு வழியில்லையோ எண்டு. அப்பிடியெண்டாப் பாவமன்னிப்புக்கு இடமிருக்கு.

"ஒரு கஸ்ரமும் இல்லை மாமா. எனக்கு விருப்பம், போறன். கடலுக்கு இறங்கின நாள் தொட்டு நேவி சொன்ன நேரத்துக்குப் போய், நேவி சொன்ன நேரத்துக்கு வந்தனான். இனி நீங்கள் சொல்லுற நேரத்துக்கோ?"

எனக்கு வந்த கோவத்தில விசிலைக் கடிச்சுப்போட்டன், ஒரு பல்லு ஆடுது.

ஏழாவது ஞாயிறு பூசை முடிய, பாதர், இளம் பெடியன், செருப்பைக் கையில எடுத்துக்கொண்டு மணலுக்குள்ள நடந்து வந்தார். பாராட்டப் போறாராக்கும் எண்டு எழும்பி நிண்டன்.

"ஐயா, லோறன்ஸ், ஞாயிறுக்குச் சேருற சனி பின்னேரப் பூசைக்கு ஒரு கிழமையும் தவறேல்லை. ஏழு ஞாயிறாப் பூசை காணாத ஆள் ஊரில நீங்கள் ஒராள்தான்."

அட ஆண்டவரே! சனி பின்னேரம் வலை ஆர் ஏத்தினம் எண்டு பாக்கக் கரைக்குப் போயிடுவன், ஞாயிறு விடிய இஞ்ச வந்து குந்திடுவன். கோயில் மணி கேக்கேக்க எழும்பித் தொப்பியைக் கழட்டினனான்தான், அது சேராதாம். ஊரைச் சாவான பாவத்தில இருந்து காப்பாத்தப் போய், ஊரில ஒரே பாவியா நான் நிக்கிறன்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனன். பாதர் சொன்னதை எழுதக்கூடாது எண்டு நினைக்கிறன், ஆனா நான் சொன்னதை நான் சொல்லலாம். லோறன்ஸ் போனா உங்களுக்கு என்ன ஐயா எண்டு அவர் கேக்க, நான் மூன்றாம் கற்பனையில துவங்கினன். பிறகு என்ரை வாய் என்ரை சொல்லுக் கேக்கேல்லை. "எல்லாரும் கரையில நிண்டாத்தான் பாதர் ஆரும் என்ரை வேலிப் படலையைத் திறப்பினம். மண்டபம் முகாமில பக்கத்து வீட்டுச் சண்டை, சிரிப்பு எல்லாம் சீலைக்கு அங்கால கேக்கும். என்ரை மனிசி எடித் அதுக்குள்ளதான் கண்ணை மூடினவ. இஞ்ச வீட்டுத்திட்டத்தில ரெண்டு அறை தந்திருக்கினம், நான் இருமினா அடுத்த அறையில நான்தான் இருமுறன். விசில் ஊதினா ஆரோ ஒராள் திரும்பிப் பாக்கினம்" எண்டு சொல்லிப்போட்டன். சொன்ன பிறகு வெக்கமாப் போச்சு.

சரி, பாதர் சொன்னதையும் எழுதிறன், சாமி மன்னிக்கட்டும். "சட்டம் போட்டு ஆக்களைக் கரையில நிப்பாட்டலாம் ஐயா, உங்கட வீட்டுக்குள்ள வரப்பண்ண ஏலாது" எண்டார். விசிலைத் திருப்பிக் குடுக்கச் சொன்னார். நான் காது கேளாத மாதிரி வந்திட்டன்.

இனி உன் கேள்விக்குப் பதில். இப்போது எல்லாருக்கும் சுதந்திரம் அப்பா, யாரைக் கட்டுவது என்பது என் விருப்பம் என்று எழுதியிருக்கிறாய். சரி. உன் வீட்டில் உனக்குச் சுதந்திரம், என் வீட்டில் எனக்கு. கோயிலில் மெய்விவாகம் செய்யாமல், ஒரு சைவப் பெடியனோடு கந்தோரில் கையெழுத்து வைத்த கலியாணத்துக்கு, அதே முகாமில் பத்தடி தள்ளியிருந்தும் நான் வரவில்லை. பிள்ளைக்கு ஆறு மாதமாயிருக்க, ஒருக்கா தூக்காமலே பிளேன் ஏறினேன். அவளுக்கு நீங்கள் வைத்த பேரில் மோட்சத்தில் ஒரு அர்ச்சிஸ்டவளும் இல்லை, ஆகவே நான் செபத்தில் மேரி ரோஸ் என்றுதான் சொல்லுகிறேன். முடிவு இதுதான்: நீயும் மேரி ரோசும் வரலாம். சுபாஸ் படலை மட்டும் வரலாம். சட்டம் சட்டம்தான்.

ஆண்டவருடைய ஆசீரும் மாதாவின் காவலும் உங்களோடு (மூன்று பேரோடும்தான், அது என் கையில் இல்லை) இருப்பதாக.

இப்படிக்கு,
உன் அப்பா,
வ. பஸ்ரியன்

பி.கு: இண்டைக்குத் திங்கள். கடிதம் இன்னும் தபாலில் போடேல்லை. சனி பின்னேரம் பூசைக்குப் போனன். வெளியில லோறன்ஸ் நிண்டான். "கரையில இருந்து பாக்கிறதுக்கு வள்ளத்துக்க இருந்து பாக்கலாமே மாமா" எண்டான். நேற்றுப் போனனான். ஓம், ஞாயிற்றுக்கிழமைதான். கடலில நிண்டு பாக்க, என்ரை கதிரை கரையில தனிய நிண்டுது. பாக்கச் சகிக்கேல்லை பிள்ளை. மூண்டு விளைமீன் தந்தான், ஒண்டைக் காய்ச்சினன், மற்ற ரெண்டுக்கும் ஆளில்லை.

மூண்டு பேரும் வாங்கோ. அடுத்த அறையைக் கழுவி விட்டிருக்கிறன். சுபாஸ் படலையில நிண்டா மழையில நனைவான், உள்ளுக்கு வரச் சொல்லு. வெள்ளிக்கிழமை அவனுக்கு மரக்கறி எண்டா எனக்கும் மரக்கறி, அதில சண்டை வராது. கோயில் கலியாணத்தைப் பற்றி நான் கேக்காமல் இருக்கமாட்டன், நீ பதில் சொல்லாமல் இருக்கலாம்.

விசில் இன்னும் என்னட்டைத்தான் இருக்கு. நல்லாக் கழுவி நிவேதிகாவுக்கு எடுத்து வைச்சிருக்கிறன். எந்த நேரமெண்டாலும் ஊதட்டும், நான் திரும்பிப் பாப்பன்.