அட் பெரிதா, ஆன் பெரிதா

வாழ்க, காற்புள்ளி கண்டெடுத்த கண்ணினள்! வாழ்க, விசைப்பலகைக் களத்தே விரல் பத்தும் விளையாடும் வித்தகி! இரண்டு பகல் ஓர் அலுவலகமே மண்டையை உடைத்துக்கொண்டு தேடிய பிழையை, ஆவி பறக்கும் காபியை ஊதிக் குடித்தவாறே, "இங்க ஒரு கமா விட்டுப்போச்சு" என்று ஒற்றைவிரலால் சுட்டி, அன்றுதொட்டுக் 'கமா அக்கா' என்னும் விருதுப்பெயர் தாங்கி, மூன்றாம் மாடி ஜன்னலோர நாற்காலியில் கொலுவீற்றிருந்த அவ்வீரத்திருமகள், தன் கணவனின் உடன்பிறந்த தங்கையாகிய நாத்தனாரோடு ஒரு வியாழக்கிழமைப் பிற்பகலில் பொருத பெரும்போரினைப் பாடப் புகுந்தோம். நாவே, தடுமாறாதே! இன்டர்நெட்டே, இடையில் அறுந்துவிடாதே!

போர் மூண்ட காரணம் கேண்மின். நூலகங்களுக்கு வலைத்தளம் கட்டித்தருவது அவ்வலுவலகத்தின் தொழில். பைத்தான் என்னும் மொழியில், எவரோ முன்னமே எழுப்பிவைத்த சட்டகத்தின்மேல், இவர்கள் சுவர்வைத்துக் கூரைபோடுவர். அவ்வுலகில் ஒவ்வொரு பொருளின் விவரத்தையும் அடக்கும் வார்ப்புக்கு 'கிளாஸ்', அதாவது வகுப்பு, என்று பெயர்; புத்தகம் ஒரு வகுப்பு. உறுப்பினர் ஒரு வகுப்பு. இரவல் ஒரு வகுப்பு. இப்படி நாற்பத்தைந்து வகுப்புகள். ஒவ்வொன்றும் தான் எந்த நாள், எந்த நேரம் பதிவானது என்று குறித்துவைத்தாக வேண்டும். அதை நாற்பத்தைந்து இடத்திலும் எழுதினால் கை வீங்கும். ஆகவே, மூன்றாண்டுக்கு முன், வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், ஒரு வேலையும் தராமல் அவளை எல்லாரும் மறந்துபோயிருந்த அந்த வாரத்தில், சும்மா உட்கார்ந்திருக்கக் கூசிய கமா அக்கா ஒரு தாய் வகுப்பைப் படைத்தாள். பதினெட்டே வரி. எந்தப் பிள்ளை வகுப்பும் தன் பெயருக்குப் பக்கத்து அடைப்புக்குறிக்குள் அத்தாயின் பெயரை எழுதிக்கொண்டால் போதும். பதிவுநேரம் தாய்வீட்டுச் சீதனமாய்த் தானே வந்து சேரும். அச்சீதனத்துக்கு அவள் சூட்டிய திருநாமம், 'கிரியேட்டட் அட்'.

பின்னர் அவளே சிபாரிசு செய்து, அவளே கைபிடித்து அழைத்துவந்து, பக்கத்து நாற்காலியில் அமர்த்திய நாத்தனார், அண்ணியின் தாய் வகுப்பு ஒன்று இருப்பதை அறியாமல் (அறிந்தே என்பாரும் உளர்) தானும் ஒன்றைப் படைத்தாள். அதே வேலை. ஏறத்தாழ அதே வரிகள். சீதனத்தின் பெயர் மட்டும் 'கிரியேட்டட் ஆன்'.

தொலைபேசி எண்ணின் இடைவெளிகளைக் களையும் குறுஞ்செயலி, பெயர்களின் வாலில் தொங்கும் வெற்றிடத்தை நறுக்கும் குறுஞ்செயலி எனப் பலரும் எடுத்தாளும் சிற்றேவலர் குழுமிய பொதுக்கோப்பறையில், இவ்விரு தாயரும் ஓரகத்திகள்போல் முகம் பாராது ஓராண்டு குடியிருந்தனர். வியாழன் மதியம் இரண்டு மணிக்கு டீம் லீட் அவ்வறையை எட்டிப்பார்த்தார். பார்த்தவர், இருவர் மேசைக்கும் நடுவில் வந்துநின்று, பின்வருமாறு ஆணையிட்டார்:

"ஒரே வேலைக்கு எதுக்கும்மா ரெண்டு கிளாஸ்? நாலரைக்கு வந்து எண்ணுவேன். எதுக்குப் பிள்ளைங்க ஜாஸ்தியோ அது இருக்கட்டும். இன்னொண்ணத் தூக்கிடுங்க."

தூக்கிடுங்க! ஆறெழுத்துச் சொல் ஆறு கணையாய்க் கமா அக்காவின் நெஞ்சில் தைத்தது. இந்த அலுவலகத்தில் தன்னை ஒருவர் திரும்பிப் பார்க்குமுன் தான் எழுதிய பதினெட்டு வரியல்லவா? காபிக் கோப்பையை மேசைமேல் வைத்தாள். சத்தமாகவே வைத்தாள். அச்சத்தம் முரசாயிற்று.

"நாள்னு வந்தா இங்கிலீஷ்ல ஆன்தான் அண்ணி. ஸ்கூல்லயே சொல்லிக்குடுத்திருக்காங்க" என்று நாத்தனார் முதல் வஞ்சினம் உரைத்தாள்.

"நாள் மட்டுமா வருது? மணி, நிமிஷம், செகண்டு வரைக்கும் வருது. நேரம்னா அட்."

"ஆனா அண்ணி..."

"பாத்தியா? ஆன்னு ஆரம்பிச்சாலே அடுத்தது ஆனான்னுதான் இழுக்கும்."

சமாதானம் முறிந்தது. போர்நெறி பிழையாத இருவரும் முதற்கண் தூது விடுத்தனர். அண்ணிக்குக் கணவனும் நாத்தனாருக்கு அண்ணனுமாகி, இருதலைக்கொள்ளி எறும்பாய் இல்லறம் நடத்தும் அந்த உத்தமனின் செல்பேசிக்கு, அட்டா ஆனா என்று ஒரே நிமிடத்தில் இரு ஓலைகள் பறந்தன. "மீட்டிங்ல இருக்கேன்" என்று மறுமொழி வந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் அவன். அவனுக்கேது மீட்டிங்?

இனிப் படைவலி கூறுவாம். அட் அணியில் இருபது பிள்ளைகள். ஆன் அணியில் பத்தொன்பது. எஞ்சிய ஆறும், தாய் வகுப்பு என்னும் சிந்தனையே பிறவாத பழங்காலத்தில் எழுதப்பட்டு, பதிவுநேரத்துக்குத் தாந்தாமே ஒரு பெயர் வைத்துக்கொண்டு, எந்த மடியையும் அறியாது தூசிபடிந்து கிடந்த அநாதைகள். பகைவர் ஆநிரையை வெட்சிப்பூச் சூடிக் கவர்ந்துவந்த முன்னோர் மரபிலே, இருவரும் அந்த ஆறு அநாதைகளையும் கவரப் பாய்ந்தனர்.

கூந்தலைச் சுருட்டிப் பேனா செருகினாள் கமா அக்கா. அதுவே அவள் சூடிய வெட்சி. முதலில் 'அலமாரி' என்னும் வகுப்பைக் கவர்ந்தாள். அது வாயில்லாப் பூச்சி, எதிர்க்கவில்லை. அதற்குள் 'பருவ இதழ்', 'வாசகர் கருத்து' என்னும் இரண்டை நாத்தனார் இரு கையிலும் இடுக்கிக்கொண்டு பறந்தாள். கமா அக்கா 'விடுமுறை நாள்' மேல் பாய்ந்தாள். அதுவோ முரட்டுக் காளை. தாயின் பெயரை எழுதி இயக்கியதுமே, பழைய பெயரைத் தேடும் வரிகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சிவந்து, செங்களம்போல் திரை முழுதும் குருதி பெருகிற்று. அந்நேரம் பார்த்து அவளுடைய மவுஸின் பேட்டரி உயிர்நீத்தது.

அந்தோ! நடுக்களத்தில் புரவி மாண்டது! வேறொருத்தியாயின் புறமுதுகிட்டு ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பேட்டரி கேட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். இவளோ பிடரி சிலிர்த்த பெண்சிங்கம். தேரிழந்தும் தரைநின்று பொரும் மறவன்போல, டேப் விசையை ஒவ்வொரு அடியாய் ஊன்றி ஊன்றி, சிவந்த வரிகள் பதினொன்றையும் ஒவ்வொன்றாய்ப் பச்சையாக்கி, அக்காளையின் கொம்பைப் பிடித்து இழுத்துவந்து கட்டினாள். நிமிர்ந்து பார்த்தால், நாத்தனார் மூன்றாவதையும் கவர்ந்து முடித்து, ஜாங்கிரி தின்ற குழந்தையின் முகத்தோடு விரலில் நெட்டி முறித்துக்கொண்டிருந்தாள்.

மணி நான்கு இருபத்தொன்று. அட் இருபத்திரண்டு. ஆன் இருபத்திரண்டு. மீந்தது ஒன்றே ஒன்று: 'லாகின்'.

அதுதான் கோட்டைவாயில். அதன்வழி நுழையாமல் எந்த நூலகரும் தம் தளத்துக்குள் கால்வைக்க முடியாது. ஆகவே அதை இதுவரை ஒருவரும் தொட்டதில்லை. இருவர் விரலும் ஒருகணம் காற்றில் நின்றன. ஒருவரையொருவர் கடைக்கண்ணால் பார்த்தனர். பிறகு இடியும் இடியும் மோதினாற்போல இரண்டு என்டர் விசைகளும் ஒரே நொடியில் அதிர்ந்தன.

ஐயகோ, விளைந்ததென்ன! இருவர் அனுப்பியதையும் பத்திரமாய் வாங்கிக்கொண்ட கணினி, எதையும் தள்ள மனம் வராத அப்பாவியாதலின், அடைப்புக்குறிக்குள் இரு தாயர் பெயரையும் சேர்த்தே எழுதிவைத்தது. எந்தத் தாயின் பேச்சைக் கேட்பதென்று தெரியாத பிள்ளை, யார் பேச்சும் வேண்டாமென்று வாசலில் படுத்துவிட்டது. சோதனைக்கென இவர்கள் வைத்திருந்த தளம் அடியோடு சாய்ந்தது. எதிர்மூலையில் இருந்த டெஸ்டரின் குரல் கடல்முழக்கென எழுந்தது:

"லாகின்ல யாருங்க கையவச்சது? உள்ளயே போக முடியலைங்க!"

டீம் லீட் விரைந்துவந்தார். கமா அக்கா நாற்காலியை விட்டெழுந்தாள். நாத்தனாரும் எழுந்தாள். கமா அக்காவின் நாற்காலியில் அவர் அமர்ந்து, மவுஸை இரண்டுமுறை உலுக்கிப் பார்த்து, பின் அதையும் விட்டு, அம்புக்குறி விசையால் லாகின் கோப்பினுள் வரிவரியாய் இறங்கினார். இறங்கியவர் நின்றார். புருவம் உயர்ந்தது. திருமுகம் மலர்ந்தது.

"அட, இது நான் எழுதுனது! கம்பெனி ஆரம்பிச்ச வருஷம். பாருங்க... 'கிரியேட்டட் டேட்'. எவ்ளோ தெளிவா இருக்கு! அட்டும் வேணாம், ஆனும் வேணாம். எல்லாத்தையும் டேட்னு மாத்திடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே பண்ணிடுங்க."

உரைத்தவர் எழுந்து, வென்ற வேந்தன் நடையில் கண்ணாடிக் கதவுக்கப்பால் மறைந்தார்.

கமா அக்கா ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். வந்தது கோபமா, சிரிப்பா என்று அவளுக்கே விளங்கவில்லை. நாத்தனார்தான் மெல்ல வாயைத் திறந்தாள்.

"ஏன் அண்ணி, மணி, நிமிஷம், செகண்டுன்னு எல்லாம் வருது. அப்புறம் எப்படி டேட்னு பேர் வைப்பாங்க?"

"அதைத்தான்டி ரெண்டு மணியிலேருந்து தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறேன்!"

"சரி விடுங்க. உங்களுதுலயே பேரை மட்டும் மாத்திடலாம். என்னோடதைத் தூக்கிடறேன். எதுக்கு எந்த வரின்னு உங்களுதுல விளக்கமா எழுதியிருக்கீங்க. என்னுதுல ஒண்ணுமே இல்ல."

கமா அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்போ என்னுதை முன்னாடியே படிச்சிருக்க?"

நாத்தனார் தன் திரையில் அவசரமாக எதையோ தேடினாள்.

கேட்கவேண்டியது நிறைய இருந்தும் கேளாதுவிட்ட பெருந்தகையாளாம் அண்ணி தன் நாற்காலியை அவள் மேசைப்பக்கம் இழுத்துப்போட, ஒருத்தி பெயர் சொல்ல மற்றொருத்தி மாற்ற, ஒருத்தி மாற்ற மற்றொருத்தி சரிபார்க்க, பகைமறந்த பெருவேந்தர் இருவர் ஒரு குடைக்கீழ் உலகாண்டாற்போல நாற்பத்தைந்து வகுப்புகளையும் ஒரே தாயின் மடியில் நிரல்பட அமர்த்தி, சிவந்த வரிகள் யாவும் பசும்பயிரெனத் தழைக்க, சாய்ந்த தளம் எழ, டெஸ்டர் கைதட்ட, அட் ஆன் என்னும் இரு பெரும் கொடிகளும் ஒருங்கே மண்ணில் சாய, வெற்றி தோல்வி இன்னதென அறியா வீராங்கனையர் இருவரும் கைப்பை தோளிலிட்டுப் படியிறங்கிச் சென்றனர்.

ஆறேகால் பஸ்ஸில் ஒரு சீட்தான் காலியாக இருந்தது, நாத்தனார் உட்கார்ந்துவிட்டாள்.