தானாகத் திறந்த போனும் இரண்டு சம்பந்திகளும்

எந்த வீடியோவையும் பாதிக்கு மேல் பார்க்கும் பொறுமை இல்லாதவன் இன்டர்நெட் போன் மாட்டப் புறப்படக்கூடாது. நான் புறப்பட்டேன்.

நாகர்கோவிலில் என் மனைவி சுகந்தி முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் செய்து விற்கிறாள். கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகும் முந்திரிக்கொத்து எங்கள் பக்கத்தில் வெறும் பலகாரம் அல்ல, கௌரவப் பிரச்சினை. ஆர்டர் எடுக்க இரண்டு பெண்கள், இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. ஜெசிந்தா மணவாளக்குறிச்சியில், செல்வி இராஜாக்கமங்கலத்தில். எங்கள் எண்ணுக்கு யார் கூப்பிட்டாலும் மூன்று வீட்டிலும் மணி அடிக்க வேண்டும், முதலில் எடுப்பவர் பேச வேண்டும். தேவை இவ்வளவுதான்.

"அதுக்குன்னு ஆள் இருக்கு, கூப்பிடுங்க" என்றாள் சுகந்தி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. (நான் கம்ப்யூட்டர் படித்தவனல்ல. கம்ப்யூட்டர் கடைக்கு எதிரே கடை வைத்திருந்தவன்.)

மூன்று வீட்டிலும் போனை வைத்துவிட்டு செட்டிங்கைத் திறந்தேன். எல்லோரும் ஒரே லைனில், தானாகத் திறக்க, ஸ்பீக்கரில் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றுமே நல்ல விஷயங்களாகத் தெரிந்ததால் மூன்றிலும் டிக் அடித்தேன்.

மறுநாள் காலையில் முதல் அழைப்பு. தங்கம் அக்கா, எங்கள் பழைய வாடிக்கையாளர். அடுத்த வாரம் அவர் மகளுக்குக் கல்யாணம். நான் கை வைப்பதற்குள் போன் தானாகத் திறந்து பேச ஆரம்பித்தது. பெருமையோடு சுகந்தியைப் பார்த்தேன்.

"தம்பி, குக்கர் விசில் கேக்கு. கோயில் மணியும் கேக்கே?" என்றார் அக்கா.

"லைன் அவ்வளவு கிளியர்க்கா!" என்றேன். எங்கள் தெருவில் கோயிலே கிடையாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

"கொத்து நல்ல பெருசா வேணும், கேட்டியளா. மாப்பிள்ளைக்க அம்ம லேசுப்பட்ட ஆளில்ல. நிச்சயத்துக்குக் கொண்டுபோன பழத்தையே திருப்பித் திருப்பிப் பாத்தா. கொத்து சிறுத்துப்போச்சுன்னா சாவுற வரைக்கும் சொல்லிக்காட்டுவா."

நான் சும்மா இருந்திருக்கலாம். வியாபாரப் புத்தி விடவில்லை. "கவலைப்படாதீங்க. அவிய வாய அடைக்கிற சைஸுல உருட்டித் தாறோம்."

போனுக்குள்ளிருந்து புதிதாக ஒரு குரல் வந்தது. "உருட்டுங்க தம்பி. எனக்க வாய்க்கு அளவு சொல்லணுமா?"

"யா… யாரு?" என்றார் தங்கம் அக்கா.

"நாந்தான் சம்மந்தி. இஞ்ச செல்விக்க வீட்டுல சாயா குடிச்சிட்டு இருக்கேன்."

மாப்பிள்ளையின் அம்மா செல்விக்குப் பெரியம்மா முறை. கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர், பேச்சு முழுவதையும் அங்கேயும் தானாகத் திறந்துகொண்ட அடுக்களை போனில் கேட்டிருக்கிறார். மூன்றாவது வீட்டிலிருந்து ஜெசிந்தா "மாதாவே!" என்று அலறியதும் கேட்டது. பிறகு லைன் செத்துவிட்டது.

ஊர் கூடி நிச்சயித்த கல்யாணம், நான் அடித்த டிக்கால் நின்றுபோனால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பேன்? "நின்னுதுன்னா நீங்கதான் போய் ரெண்டு வீட்டுக்கும் பதில் சொல்லணும்" என்றாள் சுகந்தி. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலைத் தாண்டுவதற்குள் போன் மறுபடி தானாகத் திறந்துகொண்டது.

"சம்மந்தி அங்கதான் இருக்காவளா?" தங்கம் அக்காதான் திரும்பக் கூப்பிட்டிருந்தார். "செல்போன எடுக்க மாட்டேங்காவ. இதுலயாவது கேக்கட்டும்."

"கேக்குது, சொல்லுங்க" என்றார் சம்மந்தி.

"வாயில வந்ததச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க. பிள்ளையளுக்க கல்யாணம்…"

செல்வி வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது. பிறகு மாப்பிள்ளையின் அம்மா சிரிக்க ஆரம்பித்தார். "காலைல வந்ததுலேர்ந்து நான் உங்களப் பத்தித்தான் செல்விகிட்ட சொல்லிட்டு இருந்தேன். இந்தப் போனு அத உங்களுக்குக் கேக்க வைக்கல்ல. எனக்க நல்ல நேரம்!"

அக்காவும் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாட்டிய சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. சுகந்தி கூப்பிட்ட ஆள் வந்து, என் மூன்று டிக்குகளையும் எடுத்துவிட்டுப் போனார். இப்போது எங்கள் சொந்தத்தில் யாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும், "வேற யாரெல்லாம் சாயா குடிச்சிட்டு இருக்கிய?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடர்கிறார்கள். சுகந்தியோ, என்னை நேரில் திட்டும்போதுகூட முதலில் என் போனை வாங்கி அணைத்து வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறாள்.