ஸ்னோ நானா சொன்ன ஒரே பொய்

தில்லையடியில் யாருக்குப் பிள்ளை உண்டானாலும், புருஷனுக்கு முன்னால் ஊருக்கே அண்ணனான ஸ்னோ நானாவுக்குத் தெரிந்துவிடும். இதில் ஒரு சொட்டு மிகையும் இல்லை.

யுத்தத்தில் கூடவே இடம்பெயர்ந்து வந்த சொந்தக்காரர்கள் பலர், அது முடிந்து மன்னாருக்குத் திரும்பிய பிறகும், அவர் இங்கேதான் வளையல், சீப்பு, முகத்துக்குப் பூசும் ஸ்னோ எல்லாம் விற்றுக்கொண்டிருந்தார். வெள்ளையாக்கும் கிரீம் கேட்டு ஒருத்தி வந்தால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவள் கன்னத்தை ஆராய்வார். கன்னத்தில் தேத்தண்ணி சிந்தினாற்போல் கறுப்பு, கழுத்து மடிப்பில் கருமை, கூந்தலோ திடீரென அடர்த்தி! முடிந்தது கதை.

"வயித்துல புள்ள இருக்கக்குள்ள இது பூசப்படாது. புள்ள பொறந்தா தன்னால மங்கும். போயிட்டு வாங்க."

இதைக் கடை நிறைய ஆட்கள் நிற்கும்போதுதான் சொல்வார். ரகசியம் என்ற சாமானே அவர் கடையில் கிடையாது.

மாம்புரியிலிருந்து ஒரு தாய், கல்யாணப் பெண்ணுக்குக் கிரீம் வாங்க வந்தாள். "ராத்தா, மகளுக்குத் தாறன். நீங்க பூசிராதீங்க" என்றார். "பேரப்புள்ள காணப்போற வயசுல எனக்கா? உங்களுக்கு மூள பிசகிட்டு!" என்று அவள் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. பிறகென்ன, மகளின் தலைப்பிள்ளைக்கும் தாயின் கடைசிப் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

அவருக்கு ஏன் இந்த வேலை என்று அவர் மனைவியிடமே கேட்டேன். "தலப்புள்ள வயித்துல இருக்கக்குள்ள இந்த மனுஷன் பேரில்லாத கிரீம் ஒண்டப் பூசிவிட்டார். தோல் வெங்காயம் மாதிரி உரிஞ்சிச்சு. கிளினிக்கில டாக்டர் கிழிச்ச கிழியில திருந்தின ஆள்" என்று சிரித்தார்.

என் முறையும் வந்தது. முந்திய தடவை இரண்டாம் மாதமே ஊரெல்லாம் சொல்லி, பிள்ளை தங்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியே களைத்துப்போனேன். ஆகவே இந்தத் தடவை, நாலாம் மாதம் பிறக்கும்வரை என் புருஷனைத் தவிர யாருக்கும் வாய் திறப்பதில்லை என்றிருந்தேன். யார் கண்ணாவது பட்டுக் கண்ணூறு ஆகிவிடுமோ என்று அவ்வளவு பயம். கன்னம் மட்டும் சொல்பேச்சுக் கேட்கவில்லை.

"முகம் என்ன இப்பிடிக் கறுத்துப்போச்சு? கல்யாணத்துல போட்டோ எடுக்கிறல்லயா? வா!" என்று, தன் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த என் மதினி கையைப் பிடித்து இழுத்துப்போனாள். மறுத்தால் சந்தேகப்படுவாள். கடையில் எங்கள் ஒழுங்கைத் தெருவின் பாதிப் பெண்கள் வளையல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானாவின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. வளையல் சத்தம் நின்றது. யா அல்லாஹ், இந்த மனுஷன் வாயைக் கட்டிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். என் முகத்தில் அவர் என்னத்தைக் கண்டாரோ, கண்ணாடியை மெல்ல இறக்கினார்.

"வெயில் கறுப்பு" என்றார் சத்தமாக. "நல்ல சாமான் ஒண்டு இருக்கு."

உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். "ஊட்ட போய்த் தொறங்க."

எல்லாரும் வளையலுக்குத் திரும்பினார்கள். எனக்கு ஒரே குழப்பம். இந்த மனுஷனுக்கே தெரியவில்லையா? அப்படியானால் பிள்ளை தங்கவில்லையா? வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டுத் திறந்தேன். கழுவித் துடைத்த கிரீம் போத்தல். அதற்குள், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கும் பேரீச்சம்பழம். உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மகள் பிறந்து, தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும் காலத்தில் எண்ணெய் கேட்டுப் போனேன். "இந்த நேரம் உதிரும்தான். பொறகு வளரும்" என்று அதையும் தரவில்லை.

"அண்டைக்கு மட்டும் பொய் சொன்னீங்களே நானா?"

"என்ன பொய்? வெயிலுலதானே நடந்து வந்தீங்க!"

எல்லாம் மங்கியும் இடது கன்னத்தில் ஒரு கறுப்பு மட்டும் நின்றுவிட்டது. எதையாவது பூசச் சொல்லி மதினி இன்னும் நச்சரிக்கிறாள். எனக்காக ஒரு தடவை வாயை மூடிய மனிதர் அவர். அந்தக் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.