பூட்டிய கூண்டும் வெள்ளை வாத்தும்

"இன்னும் ஒண்ணே ஒண்ணு காணாமப் போகட்டும், அத்தனையையும் எங்க அண்ணன் தோட்டத்துக்கு அனுப்பிடுறேனா இல்லையா பாருங்க!"

"உங்கண்ணன் வளக்கவா போறாரு? வறுக்கப் போறாரு!"

"அது அதுங்க தலையெழுத்து. காயப்போட்ட துணி பூரா வாத்து அடிச்ச சேறு. என் தலையெழுத்தை யாரு பாக்கிறது?"

புருஷன் பெண்டாட்டி சண்டை கொல்லைப்புறச் சுவரைத் தாண்டித் தெருவுக்கே கேட்டது. கணவர் காப்பீட்டு முகவர். ஊருக்கெல்லாம் பாதுகாப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர். அவர் கூண்டிலிருந்தே ஒரு கோழி காணாமல் போனது அவருக்குப் பெரிய தலைகுனிவு.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் கூண்டை எட்டிப் பார்த்தார். வெள்ளை வாத்தைக் காணோம். மனைவி சாயங்காலம் எண்ணிப் பார்ப்பாள். எண்ணினால் முடிந்தது கதை.

சோற்றில் கையே வைக்காமல் கோழிக்கடைக்கு ஓடினார். நல்ல நேரம், அங்கே அச்சு அசலாக அதே மாதிரி ஒரு வாத்து. பையில் மறைத்துக் கொண்டுவந்து இறக்கினார். அது நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், குறுக்கே நின்ற கோழியை இடித்துத் தள்ளிவிட்டுத் தலையை முக்கியது.

'வந்த உடனே பழகிடுச்சே! எல்லாம் நம்ம வளர்ப்பு' என்று பூரித்துப்போனார்.

சாயங்காலம் மனைவி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். முகம் வாடிவிட்டது.

"என்ன, சரியா இருக்கா?"

"இருக்கு..." என்றாள், அதுதான் குறை என்பது போல.

அவர் கூண்டைச் சுற்றிக் கம்பி வலை அடித்தார். வாத்து அதில் தலையை விட்டு மாட்டிக்கொண்டு கத்தியது. அதை விடுவித்த மறுநாளே செவலைக் கோழியைக் காணோம். மறுபடி கடை, மறுபடி அச்சு அசல்.

திருட வரும் மிருகம் பயப்படட்டும் என்று கூண்டில் விளக்குப் போட்டார். சேவல் விடிந்துவிட்டது என்று ராத்திரி பூரா கூவியது.

"சார், உங்க சேவலுக்கு ஒரு வாட்ச் வாங்கிக் குடுங்க" என்றார் பக்கத்து வீட்டு வாத்தியார்.

விளக்கைக் கழற்றிவிட்டு, ஆள் இருப்பது போலத் தோன்ற ரேடியோ வைத்தார். சொற்பொழிவு கேட்ட கோழிகள் முட்டை போடுவதையே நிறுத்திவிட்டன.

கடைசியில் பெரிய பூட்டு ஒன்று வாங்கி மாட்டினார்.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும்மா. இந்த வீட்டுல பொறுப்பான ஆள் நீதான்."

"என் மேல அவ்வளவு நம்பிக்கையாங்க?" அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் பூட்டு பூட்டியபடி இருந்தது. வெள்ளை வாத்து இல்லை.

"பூட்டு உடையல, வலை கிழியல. இவன் சாதாரணத் திருடன் இல்ல. படிச்சவன்!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, வழக்கம்போல ஒரு வாத்தை வாங்கி வந்து, தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே விட்டார்.

அடுத்த நாள் வேலைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, பின்பக்கமாகத் திரும்பி வந்து தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் பதுங்கினார். கொஞ்ச நேரத்தில் பின்கதவு கிரீச்சென்றது. கூடையோடு உள்ளே வந்தது யார்? சாட்சாத் கோழிக்கடைக்காரர்!

பாய்ந்து சட்டையைப் பிடித்தார். "அடப்பாவி! என் வாத்தைத் திருடி எனக்கே விக்கிறியா?"

கூண்டுக்குள்ளிருந்து வெளியே வந்த மனைவி, கக்கத்தில் வாத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கடைக்காரர் பதறவே இல்லை.

"கையை எடுங்க சார். காலையில அக்கா விக்கிறாங்க, மத்தியானம் நீங்க வாங்குறீங்க. இனிமே வீட்டுக்குள்ளேயே கை மாத்திக்கங்க, என் கமிஷனை மட்டும் மறக்காம குடுத்துடுங்க!"

இப்போது முதலில் யார் வாயைத் திறக்க வேண்டும், அவரா, அந்த அம்மாவா? படித்தவர்கள் கட்டாயம் பதில் எழுதுங்கள்.