நிற்காமல் ஓடினால் ராஜினாமா

"வேலையை வுடப் போறேன்."

என் வீட்டுக்காரர் ஜெயப்பிரகாஷ் இதைச் சொன்னபோது நான் பாப்பாவுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். வாய்க்குப் போகவேண்டிய ஸ்பூன் பாப்பாவின் காதுக்குப் போனது.

"எந்த வேலையை மாமா?"

"எனக்கென்னா பத்து வேலையா இருக்குது? சிப்காட் வேலையைத்தான். பாய்லர்கிட்ட நின்னு வெந்தது போதும். சிதம்பரத்துல நம்ம கதிர்வேலு செல்போன் கடை வச்சிருக்கான் இல்ல, அதுக்குப் பக்கத்துக் கடை காலியாம். ரெண்டு பேரும் சேந்து கம்ப்யூட்டர் கடை போடுறோம். அவன் கல்லாவுல. நான் டெக்னிக்கல்!"

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

நான் பயந்தவள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பிறவிக்குணம். பிள்ளை பெற்ற பிறகு அது இரட்டிப்பானது. பாப்பா தூங்கினால் பயம். மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். அதில் விழித்துக்கொள்வாள். விழித்தால் அழுவாள். அழுதால் அதற்கு ஒரு பயம். எட்டு மாதக் குழந்தைக்கு நடுராத்திரி உடம்பு சுட்டால் தூக்கிக்கொண்டு ஓட ஒரு ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதே, அது ஒன்றுதான் என் தைரியம். அந்த அட்டை எந்த வேலையோடு வந்தது? இவர் விடப்போகிற வேலையோடு.

"மாமா, கடை ஓடலன்னா?"

"ஓடும்."

"உங்க கம்ப்யூட்டரே ஓடலியே?"

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. பாப்பாகூட சப்புவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். படுக்கையறை மூலையில் இருப்பது, இவரே அசெம்பிள் செய்தது. சென்னைக்குப் போய் ஒவ்வொரு பாகமாக வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, வேகத்தடைக்கு வேகத்தடை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலூர் கொண்டுவந்து சேர்த்தார். நிறைமாதத்தில் என்னை பைக்கில் உட்காரவைத்துப் போனபோது எந்த வேகத்தடையும் அவர் கண்ணில் பட்டதில்லை.

அப்படிப் பெற்றெடுத்த கம்ப்யூட்டர் நின்றுவிடும். அணைந்து போகாது, வெடிக்காது. அப்படியே நின்றுவிடும். பாட்டு ஒரே எழுத்தில் இழுத்துக்கொண்டு கிடக்கும், மவுசை மேசையைச் சுற்றித் தேய்த்தாலும் அந்த அம்புக்குறி அசையாது. ஒருநாள் உட்கார்ந்த சூட்டிலேயே நிற்கும். இன்னொரு நாள் ஒரு முழுப் படம் ஓடிவிட்டு, வணக்கம் போடும் நேரத்தில் நிற்கும்.

"சரி," என்றார் அவர். ரோஷம் வந்துவிட்டது. "வர்ற ஞாயித்துக்கெழமை கதிர்வேலு வர்றான். அவன் கண்ணு முன்னாடி இது நாள் முழுக்க நிக்காம ஓடும். ஓடினா திங்கக்கெழமையே ராஜினாமா. பாடலீஸ்வரர் சத்தியம்!"

"நின்னுட்டா?"

"நின்னுட்டா சாவுற வரைக்கும் பாய்லருதான்."

பாடலீஸ்வரா, நின்றுவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு அவர்மேல் ஆசை இல்லாமல் இல்லை. அட்டைமேல் கொஞ்சம் ஜாஸ்தி.

அன்றிலிருந்து படுக்கையறை ஆபரேஷன் தியேட்டர் ஆனது. முதலில் ரேம். அதைக் கழற்றி, பக்கத்து வீட்டுப் பையனிடம் ரப்பர் கடன் வாங்கி, தங்க நிறப் பல்லையெல்லாம் தேய்தேய் என்று தேய்த்தார். மாட்டினார். ஓடியது. "பாத்தியா? காண்டாக்ட்! உப்புக் காத்து புடிச்சிருக்குது!" என்று அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார். பெட்டியை மூலையில் தள்ளினார். சாயங்காலம் நின்றது.

அப்புறம் ரேமையே மாற்றினார். ஹாலில் வைத்துப் பார்த்தால் ஜம்மென்று ஓடும். மூலைக்குப் போனால் நிற்கும். கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாற்றினார். ஹாலில் ஓட்டம், மூலையில் நிறுத்தம். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினார். அதே கதை.

"வாணி, அந்த மூலை பிளக்குல எர்த்து சரியில்ல."

எர்த் சரியில்லை என்றால் தோட்டத்தில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். குடம் குடமாக நான் ஊற்றினேன். குழிக்குப் பக்கத்தில் இருந்த முருங்கைக்குக் கொண்டாட்டம், துளிர்த்துத் தள்ளியது. கம்ப்யூட்டர் நின்றது.

"அப்போ மதர்போர்டுதான்," என்றார், ஏதோ குடும்பத்தில் ஒருத்தர்மேல் சந்தேகப்படுகிற குரலில்.

ஒவ்வொரு முறை பெட்டியை வெளியே இழுக்கும்போதும் அவருக்கு ஒரு சலிப்பு. "பாப்பா சாமானெல்லாம் எதுக்குடி இங்க கெடக்குது?" என்று, பெட்டிக்குப் பின்னாலிருக்கும் பாப்பாவின் தலையணையை எடுத்துக் கட்டிலில் வீசுவார். அவர் ஷிஃப்டுக்குப் போனதும் நான் அதை மறுபடி அதே இடத்தில் வைப்பேன். வைக்காமல்? பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள். மேசைக்கு அடியில் புகுந்து பெட்டியின் பின்பக்கம் போவதுதான் அவளுக்குத் தீர்த்தயாத்திரை. அங்கே காற்றாடி சுற்றுகிறது, ஒயர் தொங்குகிறது. குட்டி விரலை உள்ளே விட்டால்? அதனால் இலவம்பஞ்சுத் தலையணையை வைத்து, அசையாதபடி அழுத்தி, பின்பக்கத்தை முழுசாக அடைத்திருந்தேன். பாப்பா சில நாள் அதைப் பிடுங்கிப் போட்டுவிடுவாள். சில நாள் அவளால் முடியாது.

மதர்போர்டு வாங்க அவர் புறப்பட்டுப் போன வியாழக்கிழமை, பாப்பாவைத் தூங்கவைக்க அந்தத் தலையணையை எடுத்தேன். பாட்டு கேட்டுக்கொண்டிருந்தவர் கம்ப்யூட்டரை அணைக்காமலே போயிருந்தார். அது வழக்கம்போல ஒரே எழுத்தில் இழுத்துக்கொண்டிருந்தது.

தலையணை சுட்டது.

சூடு என்றால் என் கை தானாகப் புறங்கையாகத் திரும்பும். வைத்துப் பார்த்தேன். நூற்றிரண்டு இருக்கும். தலையணைக்கு ஏது காய்ச்சல்? குனிந்து பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டேன். தோசைக்கல். நான் பொத்தி வைத்திருந்த காற்றாடி இப்போதுதான் புஸ்ஸென்று மூச்சுவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்து, ஆறவிட்டு, தலையணை இல்லாமல் போட்டேன். ஓடியது. சமைத்தேன், ஓடியது. துணி துவைத்தேன், ஓடியது. தலையணையை வைத்தேன். குக்கர் விசில் அடிப்பதற்குள் நின்றது.

மதர்போர்டு என்று அவர் சந்தேகப்பட்டது பாதி சரி. போர்டு இல்லை. மதர்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை ஓடும். ஓடினால் திங்கட்கிழமை ராஜினாமா. கான்வென்டில் எங்கள் சிஸ்டர் பொய் சொல்லக்கூடாது என்று முட்டிபோட வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. புது மதர்போர்டோடு அவர் வந்தார், மாட்டினார், மூலையில் தள்ளினார். நான் தலையணையை நன்றாக அழுத்தி வைத்தேன். நின்றது.

மனுஷர் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. அன்று ரசத்தில் நெய் கூடுதலாக விட்டேன்.

சனிக்கிழமை ப்ராசஸரையும் மாற்றினார். ஞாயிறு காலையில் கம்ப்யூட்டரை மூலையிலிருந்து தூக்கி ஹாலில் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார், பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல. மேசை உயரத்துக்குப் பாப்பா எட்டமாட்டாள். தலையணைக்கு அங்கே என்ன வேலை?

அவசரமாக பீரோவிலிருந்து, நான் கான்வென்டில் படிக்கும்போது போட்ட எம்பிராய்டரி விரிப்பை எடுத்துப் பெட்டியின்மேல் பின்பக்கம் வரை தொங்கவிட்டேன்.

"என்னாடி இது?"

"அண்ணன் வர்றாங்க. பாக்க லட்சணமா இருக்கட்டுமேன்னு."

சரக்கென்று உருவினார். "காத்து வேணாமா அதுக்கு? பின்னாடி மூடினா சூடு எங்க போவும்? சூடேறினா எந்த மெஷினும் நின்னுடும், இதுகூடவா தெரியாது? என்னாதான் சொல்லிக் குடுத்தாங்க உங்க கான்வென்ட்டுல?"

"எம்பிராய்டரி," என்றேன்.

கதிர்வேல் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், பேச்சு குறைவு. எதையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார், தண்ணீர் டம்ளரைக்கூட. கம்ப்யூட்டர் பாட ஆரம்பித்தது. ஓல்டு டவுன் மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்த வஞ்சிரத்தை நான் வறுத்தேன், பாடியது. சாப்பிட்டார்கள், பாடியது. அன்றைக்குப் பார்த்து மின்வெட்டுகூட இல்லை. இவர் முகத்தில் வெளிச்சம் ஏற ஏற எனக்கு இருட்டியது.

"பாத்தியா மச்சான்? சிங்கம் மாதிரி ஓடுது!"

"ஓடுதுடா," என்றார் கதிர்வேல் அண்ணன். "அட்வான்ஸ் குடுத்துடலாமா?"

பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்தேன். தலையணை இல்லை, விரிப்பு இல்லை, மின்வெட்டும் கைவிட்டது. மிச்சமிருந்தது என் வீட்டுக்காரர் மட்டும்தான். அவரையே நம்பினேன்.

"மாமா, இவ்ளோ நாளா நின்னுக்கிட்டிருந்தத எப்படி சரி பண்ணீங்கன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்களேன். நீங்க பட்ட கஷ்டம் அவுங்களுக்கும் தெரியட்டும்."

அவ்வளவுதான். வெள்ளாற்றில் மதகு திறந்த மாதிரி கொட்டினார்.

"மொதல்ல ரேமுன்னு நெனச்சேன் மச்சான். தொடச்சேன். நின்னுச்சு. வுட்டனா? புது ரேம் போட்டேன்!"

"சரி ஆயிடுச்சா?"

"இல்ல. எஸ்.எம்.பி.எஸ்.ஸ மாத்தினேன்."

"அப்போ?"

"அப்பவும் நின்னுது. ஹார்ட் டிஸ்க்க மாத்தினேன். எர்த்துக்குத் தண்ணி ஊத்தினோம். மதர்போர்ட மாத்தினேன். நேத்துதான் புடிச்சேன் மச்சான் திருடன. ப்ராசஸர்!"

கதிர்வேல் அண்ணன் எடுத்த பஜ்ஜியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்தார்.

"ப்ராசஸர்தான்னு எத வச்சிடா சொல்ற?"

இவர் நெஞ்சை நிமிர்த்தினார். "அது ஒண்ணுதான மாத்தாம பாக்கி இருந்துது!"

கம்ப்யூட்டர் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"மச்சான்," என்றார் கதிர்வேல் அண்ணன் மெதுவாக, "கஸ்டமர் ஒருத்தன் நின்னுபோன கம்ப்யூட்டர நம்ம கடைக்கு எடுத்தாந்தா, இப்படித்தான் ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே போவியா?"

"ஆமா. வுட மாட்டேன்!"

"கடைசியில அவன் எடுத்தாந்ததுல என்னாடா மிச்சம் இருக்கும்?"

இவர் யோசித்தார். நேர்மையான மனுஷர். "மானிட்டரு," என்றார்.

கதிர்வேல் அண்ணன் எழுந்து கை கழுவினார். "தங்கச்சி, மீனு பிரமாதம்" என்றார். பைக்கில் ஏறி உட்கார்ந்து, ஹெல்மெட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்து மாட்டிக்கொண்டார்.

"மச்சான், தப்பா நெனச்சுக்காத. கடைக்கு நான் வேற ஆளு பாத்துக்கறேன். நீ கம்பெனிய வுட்டுடாதடா."

பைக் போன பிறகும் இவர் வாசலிலேயே நின்றார். நானும் நின்றேன். இடுப்பில் பாப்பா டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். இரவு கம்ப்யூட்டரை மூலையில் வைக்கப் போனவரிடம், "மாமா, அது ஹால்லயே ஒசரமா இருக்கட்டும். அங்க ராசியா ஓடுது" என்றேன். அங்கேயே வைத்தார். அதற்கப்புறம் அது ஒருமுறைகூட நிற்கவில்லை.

இவர் ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தார். எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. ஆனால் நன்றாகத் தூக்கம் வந்தது.

காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்றார். தலை வாரியிருந்தார். முகத்தில் ஒரு தியாகக் களை.

"வாணி, நல்லா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"என்னா மாமா?"

"நீ பயந்தவ. கைக்கொழந்தைய வச்சிக்கிட்டு இருக்க. உனக்காக, உனக்காக மட்டும்தான், அந்தக் கடைய நான் வுட்டுக் குடுத்துட்டேன்."

"ஐயோ, எனக்காகவா மாமா?" முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"அழுவாத. பொண்டாட்டிக்காக இதுகூட செய்யலன்னா எப்படி? காலை ஷிஃப்டுக்கு இன்னும் கால் மணி நேரந்தான் இருக்குது. இப்பதான முடிவு பண்ணேன், நீ என்னா சமைச்சிருக்கப் போற, கேன்டீன்ல பாத்துக்கறேன்" என்று பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

டிபன் பாக்ஸ் ஏற்கெனவே பைக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.