முதல்ல ரெண்டு பிளேட்

விருந்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், வைக்காதவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டிலும் சேராமல் மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. 'அவனுங்களுக்கு நான்தான் விருந்து வெச்சேன்' என்று பின்னால் சொல்லிக்கொள்வதற்காகவே விருந்து வைக்கிற இனம். இவர்களைக் கண்டுபிடிக்க ரொம்ப அலைய வேண்டாம். வளர்கிற வயதுப் பையன்கள் ஒரு கூட்டத்தையே ஓட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, யாரும் உட்காருவதற்கு முன்பே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, "முதல்ல ரெண்டு பிளேட் சொல்லுவோம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், அவர்தான். அந்த 'அப்புறம்' இதுவரை எந்தக் கடைக்கும் வந்து சேர்ந்ததில்லை.

மகாராஷ்டிரத்தில் எங்கள் சாங்லியில் இந்த இனத்தின் முடிசூடா மன்னர் சுதாம்ராவ் மோஹிதே. கஞ்சர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், நிஜமாகவே மனம் புண்பட்டுப்போவார். கஞ்சன் கடைப் பக்கமே வரமாட்டான். இவரோ வலியப் போய் அழைப்பார், மைக்கில் அழைப்பார், நாலு பேர் கைதட்டும்போது அழைப்பார். அன்றைக்கும் அப்படித்தான். தெருவில் பிள்ளையார் விழா நடத்துகிற சங்கமான கணபதி மண்டலத்தின் கபடிப் போட்டி. நம் பையன்கள் முதல் பாதியில் பின்தங்கியிருந்தார்கள். சுதாம்ராவ் மைக்கைப் பிடுங்கி, "ஜெயிச்சிட்டு வாங்கடா. வயிறு முட்ட மிசள் பாவ் என் செலவு. நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்த மாட்டேன்" என்றார். பையன்கள் ஜெயித்துத் தொலைத்தார்கள்.

ஏன் இந்த வள்ளல்தனம் என்கிறீர்களா? மண்டலத்துக்குப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சுதாம்ராவ் பல வருஷமாகத் துணைத் தலைவர். ஊர்வலத்தில் முதல் தேங்காய் உடைப்பது தலைவர், காவித் தலைப்பாகை கட்டி முன்னால் நடப்பது தலைவர், பின்னால் டிராக்டரில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் புகையில் உட்கார்ந்து வருவது துணைத் தலைவர். தலைப்பாகையை அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் கட்டிப் பார்த்ததும் உண்டு. பையன்களின் அப்பாக்கள் எல்லாரும் மண்டல உறுப்பினர்கள். இப்போது புரிகிறதா?

சரூ அக்காவின் மிசள் கடை. பன்னிரண்டு பையன்கள். காலையிலிருந்து மண்ணில் புரண்டவர்கள். அந்த வயதில் பையனுக்கு வயிறு என்று தனியாக ஒன்று கிடையாது, கழுத்துக்குக் கீழே எல்லாமே வயிறுதான். சுவரில் எழுதியிருந்த பலகாரங்களை சுதாம்ராவ் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்: பட்டாட்டா வடா, சாபுதானா கிச்சடி, தாலிபீட்டு, ஷீரா. ஒவ்வொரு பெயருக்கும் பையன்கள் எச்சில் விழுங்கினார்கள். படித்து முடித்துவிட்டு, "முதல்ல ரெண்டு பிளேட் மிசள் சொல்லுவோம்" என்றார்.

"பன்னெண்டு பேருக்கு ரெண்டா?" என்றாள் சரூ அக்கா.

"சரி, நாலு. ரஸ்ஸா கேக்கக் கேக்க ஊத்தத்தானே போறீங்க? காரம் மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும். டேய் பசங்களா, முதல்ல தண்ணி குடிங்க. வெயில்ல ஆடிட்டு வந்திருக்கீங்க. வீட்ல சாப்பிட்டுட்டுத்தானே கிளம்பியிருப்பீங்க?"

பார்த்தீர்களா திட்டத்தை? முதலில் தண்ணீர், பிறகு காரம், காரத்துக்கு மேலே மறுபடி தண்ணீர். முளைகட்டிய பயறும் மிக்சரும் மூன்று பேருக்கு ஒரு தட்டு. அதன் மேல் ஊற்றுகிற சிவப்பு ரஸ்ஸாவுக்கு எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் காசில்லை என்பதால் அதை வாளி வாளியாக அவரே வரவழைத்தார். "குடிங்கடா, சளிக்கு நல்லது." பாவ் ரொட்டிக்குக் காசு உண்டு என்பதால் அது மைதாவாகிவிட்டது. "மைதா குடல்ல ஒட்டிக்கும். உங்க வயசுல நான் ஒரே ஒரு பாவ் தின்னுட்டு மிரஜ் வரைக்கும் சைக்கிள் மிதிச்சிருக்கேன்." தனக்கு மட்டும் தனித்தட்டு, பக்கத்தில் ஒரு வடா. கேட்டால் சர்க்கரை வியாதி, நேரத்துக்குச் சாப்பிட வேண்டுமாம்.

தட்டுகள் நொடியில் காலியாகிவிட்டன. சுதாம்ராவ் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "என்னப்பா, போதும்தானே?"

இந்த இடத்தில் எங்கள் ஊர் வளர்ப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், உங்கள் ஊரிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். இன்னொன்று போடட்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை இன்னும் அழுத்தமாக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்கவே கூடாது, தட்டில் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். சுதாம்ராவுக்குத் தெரியாதா என்ன? கல்யாணப் பந்தியில் ஜிலேபி வரும்போது அவர் இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டு "ஐயையோ வேண்டாம்" என்பார். விரல்களுக்கு நடுவே ஒரு ஜிலேபி தாராளமாக நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்.

அணித் தலைவன் அவதூத் நல்ல வளர்ப்பு. தலையைக் குனிந்துகொண்டு, "போதும் மாமா" என்றான். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். இரண்டாம் தடவை கேட்பார் என்று காத்திருந்தார்கள்.

சுதாம்ராவ் எழுந்துவிட்டார். "பாத்தீங்களாக்கா, வேணாம்ங்கிறானுங்க. வேணாம்ங்கிறவங்கள வற்புறுத்தக் கூடாது. உடம்புக்கு ஆகாது."

கடைசி பெஞ்சில் சங்கிராம் என்கிற முரட்டுப் பையன் பாதி பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை தெருவில் பன்னிரண்டு சமையலறைகள் சூறையாடப்பட்டன. பாக்ரி ரொட்டிக் கூடைகள் காலி, மறுநாளைக்கு வைத்திருந்த அவல் காலி, ஒரு வீட்டில் மாட்டுக்குப் போட வைத்திருந்த வெல்லத்தில்கூடக் கடித்த அடையாளம். "விருந்துக்குப் போன புள்ளையாடா நீ?" என்று அம்மாக்கள் கேட்டார்கள். பையன்கள் சொன்னார்கள். அம்மாக்கள் அப்பாக்களிடம் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சுதாம்ராவ் இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் இருந்தார். நாற்காலிக்கு அடியில் துணிப்பையில் தலைப்பாகை. பதவிக்காலம் முடிந்த தலைவர் ஜோதிராம் பாட்டீல் எழுந்தார். எருமைகள் வைத்திருக்கிறவர், பேச்சும் அதே நடைதான். சங்கிராமின் அப்பா.

"புதுத் தலைவரா நம்ம சுதாம்ராவ் பேரச் சொல்றாங்க. என்ன சுதாம்ராவ், தலைவரா இருக்கீங்களா?"

சுதாம்ராவ் முறைப்படி நெஞ்சில் கை வைத்தார், முறைப்படி நெளிந்தார், முறைப்படிச் சொன்னார். "நான் எதுக்குங்க? வேண்டாமே. வேற யாரையாவது போடுங்க."

சொல்லிவிட்டு இரண்டாம் தடவைக்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தார். கை பாதி வழியில் துணிப்பையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஜோதிராம் நிதானமாகக் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "வேணாம்ங்கிறாரு. வேணாம்ங்கிறவங்கள வற்புறுத்தக் கூடாது. உடம்புக்கு ஆகாது. அடுத்த பேரு?"

அடுத்த பெயர் பால் டெப்போ வசந்த். வளர்ப்பு சரியில்லாத மனிதர், கேட்டவுடன் "சரி" என்றுவிட்டார். கைதட்டல். சுதாம்ராவ் துணிப்பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினார். நான் வேண்டாம் என்று சொன்னது வேண்டாம் என்பதற்காக இல்லை என்று ஒரு மனிதன் எழுந்து நின்று எப்படிச் சொல்வான்? சொல்ல வழி இருந்திருந்தால் அந்தப் பன்னிரண்டு பையன்களும் மிசள் கடையிலேயே சொல்லியிருப்பார்களே.

கூட்டம் முடிந்து வடா பாவ் கொடுத்தார்கள். தலைவராகப்போகிற படபடப்பில் காலையிலிருந்து சுதாம்ராவ் பச்சைத் தண்ணீர்தான் குடித்திருந்தார். தாம்பாளத்தோடு வரிசையாக வந்த அவதூத் அவர் முன்னால் நின்றான். சூடான வடா, வறுத்த பச்சை மிளகாய், பூண்டுப் பொடி. வாசனை மூக்கில் ஏறியது.

"மாமா, நீங்க வீட்ல சாப்பிட்டுட்டுத்தானே வந்திருப்பீங்க?"

சுதாம்ராவின் வாய் பழக்கத்தில் "ஆமாப்பா, வேண்டாம்" என்றது. கைகள் பழக்கத்தில் மடியை மறைத்தன. விரல்கள் நன்றாகவே விரிந்திருந்தன. தாம்பாளம் அடுத்த ஆளிடம் போய்விட்டது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். போன வாரம் உங்கள் பையனோடு விளையாடிவிட்டு நாலு பேர் வேர்க்க விறுவிறுக்க உங்கள் வீட்டுக்கு வந்தார்களே, தோசை சாப்பிட்டார்களே, அவர்களிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள்? 'இன்னும் ரெண்டு ஊத்தட்டுமா' என்றா, 'போதும்தானே' என்றா? அவர்களில் ஒருவன் தட்டைப் பார்த்துக்கொண்டே 'போதும் ஆன்ட்டி' என்றானே, அதற்கப்புறம் அடுப்பை அணைக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது?