தொண்ணூற்றொன்பதாம் பதிப்பு

"மறுபடியும் உள்ள வந்துடுச்சு!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் புரோகிராமர்.

வந்தது ஒரு பழைய ஜாவா லைப்ரரி; புரோகிராமோடு சேர்த்துக்கொள்ளும், வேறு யாரோ எழுதிய ஆயத்தத் துண்டு. புரோகிராம் செய்வதையெல்லாம் குறித்து வைப்பது அதன் வேலை. அந்த வேலைக்குப் புதியது ஒன்று வந்தாகிவிட்டது. பழையதை இவர் கூப்பிடவே இல்லை. இவர் கூப்பிட்ட வேறொரு லைப்ரரி அதைக் கையோடு கூட்டி வந்திருந்தது. 'பழையதை நீக்கும்வரை அனுமதி இல்லை' என்று தணிக்கை அதிகாரியிடமிருந்து மெயில். ஆபீசே அவரைச் சிடுமூஞ்சி என்றுதான் சொல்லும். அவர் சரி என்று சொல்லாமல் இவர் இடத்தைவிட்டு எழ முடியாது.

ஐந்து மணிக்கு மகளின் பள்ளிக்கூட நாடகம்.

"போன வருஷம் மேகமா நடிச்சா, நீங்க வரல," என்றாள் மனைவி போனில். "இந்த வருஷம் மரம். மரம் பொறுத்துக்கும், நான் பொறுத்துக்க மாட்டேன்."

"இதோ முடிஞ்சிடுச்சும்மா!"

எங்கே முடிந்தது? 'இனிமேல் அதைக் கூட்டி வராதே' என்று அந்த லைப்ரரிக்கு, எல்லாத் துண்டுகளையும் சேர்த்துக் கட்டும் பில்ட் ஃபைலில் எழுதி வைத்தார். ஓட்டிப் பார்த்தால், வேறு இரண்டு லைப்ரரிகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து அதையே அழைத்து வந்து நின்றன. அடுத்த நிமிஷமே மெயில்: 'அனுமதி இல்லை.'

"அனுப்பின கை எடுக்கல, பதில் வந்துடுது! இந்த மனுஷனுக்கு வேற வேலையே கிடையாதா?"

"ரொம்பக் கறார் சார் அவர்," என்றார் பக்கத்து சீட்டுக்காரர். "நான் சேர்ந்ததிலேர்ந்து அவர் சிரிச்சு ஒரு தடவைகூடப் பாத்ததில்ல."

கோபத்தில் புரோகிராமர், 'யாரும் யாரையும் கூட்டி வரக்கூடாது' என்று ஒரே போடாகப் போட்டார். புது லைப்ரரியும் வாசலோடு நின்றுவிட்டது. புரோகிராம் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. மணி நாலேகால்.

மறுபடி போன். "இலையெல்லாம் ஒட்டியாச்சு. கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பிட்டே இருக்கேன்." நாற்காலியைவிட்டு எழாமலே சொன்னார்.

பக்கத்து சீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "சார், வராதேன்னு சொன்னாத்தானே வம்பு? அதே பேர்ல, உள்ள ஒண்ணுமே இல்லாத காலி பேக்கேஜ் ஒண்ணு போடுங்க. தொண்ணூத்தொன்பதாம் பதிப்புன்னு நம்பர் குடுங்க. ஒரே பேர்ல ரெண்டு வந்தா பெரிய நம்பரைத்தான் பில்ட் எடுத்துக்கும். கேக்குறவங்களுக்குப் பேர் இருந்தா போதும். உள்ள யார் திறந்து பாக்கப் போறாங்க?"

"சிடுமூஞ்சி கண்டுபிடிச்சிட்டா?"

"வேற வழி இருக்கா சொல்லுங்க."

போட்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஓட்டினார். மூன்று லைப்ரரிகளும் காலிப் பேக்கேஜை வாங்கிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்தன. புரோகிராம் எழுந்தது. மெயிலும் வந்தது: 'அனுமதிக்கப்பட்டது.'

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. மணி நாலு இருபத்தைந்து. ஓடினால் மரத்தை முழுசாகப் பார்த்துவிடலாம்.

பையை மாட்டிக்கொண்டு ஓடியவர், தணிக்கை அதிகாரியின் அறை வாசலில் நின்றார். காலையிலிருந்து திட்டித் தீர்த்த மனிதர்தானே கடைசியில் வழிவிட்டார்? ஒரு நன்றியாவது சொல்லாவிட்டால் மனசு உறுத்தும். தட்டினார். கையில் துடைப்பத்தோடு கதவைத் திறந்தாள் ஆபீஸைப் பெருக்கும் அக்கா.

"சார் இல்லையாக்கா?"

"எந்த சாரு? அந்த நாற்காலிக்கு பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கல தம்பி! தணிக்கைக்கு ஒரு ஆள் வேணும்னு மேலிடத்துல கேட்டாங்களாம். மெயிலுக்கு மெஷினே பதில் போட்டுக்கும், கேக்குறவங்களுக்குப் பேர் இருந்தா போதும்னு மேனேஜர் வெறும் பேர்ப் பலகையை மாட்டி வெச்சிருக்காரு."